உடன்படிக்கையை மீறியது யார்?

நீங்கள் கேட்டிருப்பது முதல் பார்வைக்கு ஒரு வேதபாடக் கேள்வி. தேவன் செய்த உடன்படிக்கைக்கு இன்றைய விசுவாசியின் வாழ்க்கையில் என்ன பொருள் என்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் சில வரிகளில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றீர்கள். ஜெபம், உபவாசம், தசமபாகம் எதிலும் குறை வைக்கவில்லை. கடந்த ஆண்டு வேலை போயிற்று, வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய். "உடன்படிக்கை என்றால் இரண்டு தரப்பு உண்டு. என் தரப்பை நான் செய்தேன். அப்படியானால் மீறியது யார்? அவரா, அல்லது எனக்கே தெரியாமல் நானா?" என்று கேட்கிறீர்கள். சில மாதங்களாகத் திருவிருந்தில் பங்கெடுக்கவில்லை என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். முடிவில் அதற்கு வருகிறேன்.

நான் வேதாகமக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய ஏற்பாடு கற்பித்துவருகிறேன். எபிரெய மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது, எங்கே அறிஞர்கள் ஒத்துப்போகிறார்கள், எங்கே சண்டையிடுகிறார்கள் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் வேலை ஏன் போயிற்று, நோய் ஏன் வந்தது என்பதில் எனக்கு எந்த வெளிச்சமும் கிடையாது. இருப்பதாகச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் சற்று விலகி நில்லுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

சிக்கலின் பாதி சொல்லிலேயே இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் "உடன்படிக்கை" என்று வருவது எபிரெயத்தில் "பெரித்". பழைய ஏற்பாட்டில் 280 தடவைக்கும் மேல் வருகிற சொல். அரசர்களுக்கிடையிலான நட்புறவுக்கும் அதே சொல், யாக்கோபும் லாபானும் கற்குவியலைச் சாட்சியாக வைத்துச் செய்துகொண்ட சமாதானத்துக்கும் அதே சொல், யோனத்தான் தாவீதின்மேல் வைத்த அன்புக்கும் அதே சொல். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எபிரெய வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவரத் தொடங்கிய யூத மொழிபெயர்ப்பாளர்கள் முன்னால் இரண்டு சொற்கள் இருந்தன. "சுந்தேக்கே" என்பது இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம். "டயாத்தேக்கே" என்பது ஒருவர் தம் விருப்பப்படி செய்துவைக்கும் ஏற்பாடு, பெரும்பாலும் உயில். அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். புதிய ஏற்பாட்டை எழுதியவர்களும் அதையே தொடர்ந்தார்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாடு சுவையானது. அந்த ஒரே கிரேக்கச் சொல்லுக்கு அவர்கள் மூன்று தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்தவேண்டியதாயிற்று. வசனங்களுக்குள் பெரும்பாலும் "உடன்படிக்கை". புத்தகத்தின் இரு பகுதிகளுக்குப் பெயராக "ஏற்பாடு". எபிரெயர் 9ஆம் அதிகாரத்தில், எழுதினவன் இறந்த பின்பே செல்லுபடியாகும் என்ற வாதம் வருகிற இடத்தில் "மரணசாசனம்". உடன்படிக்கை என்றதும் உடன்படுதல் என்ற வினை காதில் விழுகிறது. இருவர் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்ட பத்திரம் கண்முன் வருகிறது. ஏற்பாடு என்றதும் ஒருவர் முன்கூட்டியே செய்துவைத்த காரியம். சாசனம் என்றதும் கொடுக்கிறவர் ஒருவர், பெறுகிறவர் மற்றொருவர். நீங்கள் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படி வராது.

ஒப்பந்தத்தில் பொருளோ பணமோ உழைப்போ கைமாறும். கைமாறி முடிந்ததும் இருவரும் அவரவர் வழியே போய்விடலாம். பெரித்தில் ஆட்களே ஒருவருக்கொருவர் சொந்தமாகிறார்கள். "நான் உங்கள் தேவனாயிருப்பேன், நீங்கள் என் ஜனமாயிருப்பீர்கள்" என்ற வாய்பாடு லேவியராகமத்தில் வருகிறது, எரேமியாவில் வருகிறது, எசேக்கியேலில் வருகிறது, வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் புதிய எருசலேம் இறங்கும்போது மறுபடியும் வருகிறது. தீர்க்கதரிசிகள் இதைத் திருமணத்தோடு ஒப்பிட்டதற்கும் இதுவே காரணம். மல்கியா மனைவியையே "உடன்படிக்கையின் மனைவி" என்கிறார்.

இப்போது ஆதியாகமம் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான காட்சி அங்கேதான் இருக்கிறது. ஆபிராமும் (பின்னாளில் ஆபிரகாம்) உங்களைப்போலத்தான் கேட்கிறார்: இந்தத் தேசத்தைச் சுதந்தரிப்பேன் என்று நான் எதினால் அறிவேன்? கர்த்தர் விளக்கம் எதுவும் தரவில்லை. மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். மிருகங்களை நடுவே பிளந்து துண்டங்களை எதிரெதிரே வைக்கிறார் ஆபிராம். எபிரெயத்தில் உடன்படிக்கையை "வெட்டுவார்கள்". "காரத் பெரித்" என்பதே மரபுத்தொடர். துண்டங்களுக்கு நடுவே நடப்பது எதற்கு என்பதை எரேமியா 34 சொல்லிவிடுகிறது. அடிமைகளை விடுவிப்பதாகக் கன்றுக்குட்டியைப் பிளந்து அதன் நடுவே நடந்துபோன எருசலேம் பிரபுக்கள், பிறகு மனம் மாறி அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கன்றுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரும் என்கிறார் கர்த்தர். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசீரியப் பேரரசன் மத்தியேலு என்ற சிற்றரசனோடு செய்த ஒப்பந்தம் ஒன்றிலும் இதே பொருள் வெளிப்படையாக இருக்கிறது. அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டியின் தலையைக் காட்டி, இது ஆட்டின் தலை இல்லை, வாக்கை மீறினால் இது மத்தியேலு அரசனின் தலை என்கிறது அது.

அப்படியானால் அந்த இரவில் யார் நடந்திருக்கவேண்டும்? சிற்றரசன் பேரரசனுக்கு முன்னால் நடப்பதுதான் அக்கால வழக்கத்துக்குப் பொருந்தும். ஆனால் சூரியன் சாயும்போது ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வந்துவிடுகிறது. இருளுக்குள் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் நடக்கவில்லை. இவ்வளவும் வசனத்தில் உள்ளது, இதில் ஐயமில்லை. இதற்கு அடுத்த படியைப் பிரசங்கிகள் பலர் ஏறுகிறார்கள்: தேவன் ஆபிராமின் பங்குக்கும் சேர்த்துத் தாமே நடந்தார், மீறினவனுக்கான சாபத்தைச் சிலுவையில் தாமே ஏற்றுக்கொண்டார் என்று. நானும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன்; கலாத்தியர் 3இல் கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று பவுல் எழுதியிருப்பதால் அந்த வாசிப்புக்கு இடமும் உண்டு. ஆனால் ஆதியாகமம் 15 தன் வாயால் அதைச் சொல்லவில்லை. ஒரு தரப்பு உறங்கிக்கொண்டிருக்கும்போதே உடன்படிக்கை உறுதியாயிற்று என்பது மட்டுமே அங்கே எழுதப்பட்டிருப்பது. உங்களுக்கு அதுவே போதுமென்று நினைக்கிறேன்.

உடனே, "அப்படியானால் மனிதன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் நிபந்தனையற்றது" என்று தாவிவிடவேண்டாம். ஆபிரகாமின் உடன்படிக்கை நிபந்தனையற்றது, மோசேயினுடையது நிபந்தனையுள்ளது என்று பாடப்புத்தகங்கள் இரண்டு கட்டம் போட்டுக் கொடுக்கும். மாணவர்களுக்குத் தேர்வு எழுத வசதி. வேதத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இரண்டே அதிகாரம் தள்ளி அதே ஆபிராமிடம், எனக்கு முன்பாக நடந்து உத்தமனாயிரு என்கிறார் கர்த்தர். விருத்தசேதனம் பெறாதவன் ஜனத்தில் இராதபடி "அறுப்புண்டுபோவான்" என்கிற இடத்தில், உடன்படிக்கையை வெட்டுவதற்கான அதே வினைச்சொல்லே வருகிறது. சீனாய் மலையிலும் பாருங்கள். பத்துக் கட்டளைகள் கட்டளையோடு தொடங்குவதில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பதுதான் தொடக்கம். விடுதலை முன்பே நடந்து முடிந்துவிட்டது. கட்டளைகளைக் கைக்கொண்டால் எகிப்திலிருந்து மீட்பேன் என்று யாரும் சொல்லவில்லை. மீட்கப்பட்ட ஜனம் எப்படி நடக்கவேண்டும் என்பதே அங்கே பேச்சு. நிபந்தனை இருக்கிறது. அது உறவுக்குள் நுழைய வாசலில் கேட்கிற கட்டணமாக இல்லாமல், உள்ளே வந்தவர்கள் வாழவேண்டிய முறையாக இருக்கிறது.

உடன்படிக்கை முறிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வேதத்தில் முன்னுதாரணம் உண்டு, அதுவும் ஆரம்பத்திலேயே. மோசே மலைமேல் இருந்த நாற்பது நாளுக்குள் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வார்த்துவிட்டார்கள். கற்பலகைகள் உடைந்தன. தண்டனையும் இல்லாமல் போகவில்லை. ஆனால் இரண்டே அதிகாரத்துக்குள் மோசே வேறு இரண்டு பலகைகளை இழைத்துக்கொண்டு மேலே ஏறுகிறார். அங்கேதான் கர்த்தர் தம்மை இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் மகா தயையும் உள்ள தேவன் என்று அறிவிக்கிறார். அங்கே தயை என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயம் "ஹெசெத்" என்கிறது. விட்டுவிட உரிமை இருந்தும் விடாமல் பற்றிக்கொள்வது என்று வகுப்பில் நான் விளக்குவேன். 136ஆம் சங்கீதம் அதே சொல்லை (தமிழில் அங்கே "கிருபை") 26 வசனங்களில் 26 தடவை சொல்லி அலுக்காமல் பாடுகிறது. இஸ்ரவேலின் சரித்திரத்தில் உடன்படிக்கை நிலைத்தது மனிதத் தரப்பு ஒழுங்காக நடந்துகொண்டதால் என்று ஒருவராலும் காட்ட முடியாது.

பழைய உடன்படிக்கையின் ஆசீர்வாதங்கள் எனக்கு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உபாகமம் 28 உங்கள் மனதில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன்; பட்டணத்திலும் ஆசீர்வதிக்கப்பட்டிருப்பாய், வெளியிலும் ஆசீர்வதிக்கப்பட்டிருப்பாய் என்ற பகுதி. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதங்கள் 14 வசனங்கள். சாபங்கள் ஐம்பதுக்கும் மேல். முதல் பகுதியை மட்டும் கத்தரித்துச் சுவரில் மாட்டுகிறவர்கள் இரண்டாம் பகுதியை என்ன செய்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. பேரரசன் சிற்றரசனோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களின் இறுதியில் ஆசீர்வாதமும் சாபமும் எழுதுவது பண்டைய மேற்காசிய வழக்கம். ஹிட்டைட் பேரரசர்களின் ஒப்பந்தங்களோடு சீனாய் உடன்படிக்கையை 1954இல் வேதாகம அறிஞர் ஜார்ஜ் மெண்டன்ஹால் ஒப்பிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டில், கி.மு. 672ஐச் சேர்ந்த அசீரிய அரசன் எசரத்தோனின் ஒப்பந்தப் பலகைகள் இன்றைய ஈராக்கிலுள்ள நிம்ரூதில் கிடைத்தன. உபாகமம் 28இன் சாபங்களுக்கு அவை இன்னும் நெருக்கம் என்று வேறு சிலர் கருதுகிறார்கள். எது எதைப் பின்பற்றியது, உபாகமம் இன்றைய வடிவத்தை எப்போது பெற்றது என்பதில் சர்ச்சை ஓயவில்லை. உங்களுக்குத் தேவையானது சர்ச்சைக்கு வெளியே இருக்கிறது. அந்த அதிகாரம் ஒரு தேசத்தாருக்கு, அவர்களுடைய நிலத்தை முன்னிட்டு, மழை, விளைச்சல், படையெடுப்பு, நாடுகடத்தல் பற்றிச் சொல்லப்பட்டது. தனி மனிதர் ஒருவரின் வேலையையும் உடல்நலத்தையும் வைத்து அவருடைய கீழ்ப்படிதலை அளக்கிற அளவுகோலாக அது எழுதப்படவில்லை. அப்படி அளக்கப் பார்த்தவர்களுக்குப் பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே யோபு பதில் சொல்லிவிட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவும் சொல்லிவிட்டார்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதெல்லாம் அடங்கியிருப்பது 44ஆம் சங்கீதத்தில்தான். யுத்தத்தில் தோற்று, புறஜாதிகளுக்குள்ளே சிதறி, அயலாரின் நிந்தைக்கு ஆளான ஜனங்கள் பாடுகிற பாட்டு அது. இவ்வளவும் எங்கள்மேல் வந்திருந்தும் உம்மை நாங்கள் மறக்கவில்லை, உம்முடைய உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவும் இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரை செய்கிறீர் என்கிறார்கள். உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே, உங்களைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள். 89ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தாவீதோடு செய்த உடன்படிக்கையை என்றும் மாற்றமாட்டேன் என்ற வாக்கைப் பாதிச் சங்கீதம்வரை நீட்டி முழக்கிவிட்டு, பிறகு, நீர் அதை ஒழித்துவிட்டீரே என்று கர்த்தரையே குற்றம் சாட்டுகிறது. இவற்றை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. ஆலயத்தில் பாடும்படி வைத்தார்கள்.

முறையிடுவது உடன்படிக்கையை மீறுவதாகாது. உடன்படிக்கை இருப்பதால்தான் முறையிடவே முடிகிறது. வழிப்போக்கனிடம் போய், ஏன் என்னை மறந்தீர் என்று எவரும் கேட்பதில்லை. இதே 44ஆம் சங்கீதத்தின் ஒரு வசனத்தைத்தான், உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம் என்பதைத்தான், பவுல் ரோமர் 8இல் எடுத்து வைக்கிறார். அதுவும் எந்த இடத்தில்? கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்ற கேள்விக்கும், ஒன்றும் பிரிக்கமாட்டாது என்ற பதிலுக்கும் நடுவில். துன்பம் வந்திருப்பதால் உறவு அறுந்துவிட்டது என்று முடிவுகட்டாதே என்பதற்கு அவருக்குக் கிடைத்த சான்று, குற்றமில்லாமல் துன்பப்பட்டவர்களின் முறையீட்டுப் பாட்டு. இந்த இணைப்பை நான் கண்டுகொள்ளக் கற்பிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ரோமர் 8ஐ வெற்றிப் பாட்டாக மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தேன்.

இனி புதிய உடன்படிக்கை. அந்தச் சொற்றொடர் பழைய ஏற்பாட்டில் ஒரே இடத்தில், எரேமியா 31இல் வருகிறது. எருசலேமின் வீழ்ச்சியையும் சிறையிருப்பையும் கண்ட தீர்க்கதரிசி அவர். பிதாக்களோடு செய்த உடன்படிக்கையை அவர்கள் மீறிப்போட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதற்குப்பின் வரப்போவது என்ன என்று கூறுகிறார். நியாயப்பிரமாணம் உள்ளத்திலே எழுதப்படும். சிறியவர்முதல் பெரியவர்வரை எல்லாரும் கர்த்தரை அறிவார்கள். "நான் அவர்கள் அக்கிரமத்தை மன்னித்து, அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்." எபிரெயர் நிருபம் இந்தப் பகுதியை முழுவதுமாக மேற்கோள் காட்டுகிறது, புதிய ஏற்பாட்டிலேயே மிக நீளமான மேற்கோள் அதுதான். புதிய ஏற்பாட்டில் "டயாத்தேக்கே" வருகிற 33 இடங்களில் 17 அந்த ஒரே நிருபத்தில் உள்ளன.

அந்த வாக்கின் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள். வேலை அதில் இல்லை, சுகமும் இல்லை. (அதே அதிகாரத்தில் சமாரியா மலைகளின் திராட்சத்தோட்டங்களும் திரும்பக் கட்டப்படும் நகரமும் வருகின்றன; ஆகவே தேவனுக்கு இந்த உலகத்து நன்மைகளில் அக்கறையில்லை என்று நான் சொல்லவரவில்லை.) புதிய உடன்படிக்கை என்று பெயரிட்டு எதை வாக்களிக்கிறாரோ அது உள்ளத்தில் நடக்கும் மாற்றம், தேவனை அறிகிற அறிவு, பாவ மன்னிப்பு. நீங்கள் கேட்டு வளர்ந்த "உடன்படிக்கை ஆசீர்வாதம்" வேறு எங்கிருந்தோ வந்து இதன்மேல் ஒட்டிக்கொண்டது. இன்ன தொகையைக் காணிக்கையாக வை, தேவன் இன்னதைத் தரக் கடமைப்பட்டவர் என்ற போதனையை நான் தயங்காமல் தவறு என்பேன். அதற்கு எடுத்துக்காட்டப்படும் மல்கியா 3இன் "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்ற வசனம், பண்டசாலையில் ஆகாரம் இல்லாமற்போன ஆலயத்தைப் பற்றியது. உபாகமம் 14இல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்: லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. அது கொடுக்கிறவனுக்கு வட்டியோடு திரும்பும் முதலீடாக அங்கே பேசப்படவில்லை. நீங்கள் கொடுத்தது வீணாகிவிட்டது என்று சொல்லவில்லை. அதை "என் தரப்பு" என்ற கணக்கில் எழுதியதுதான் பிழை.

மனிதன் தேவனுக்கு வாக்குக் கொடுப்பதே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கலாம். நெகேமியாவின் நாளில் ஜனங்கள் எழுத்தில் எழுதி முத்திரையே போட்டார்கள். 1755இல் ஜான் வெஸ்லி தொடங்கிய உடன்படிக்கைப் புதுப்பித்தல் ஆராதனை மெதடிஸ்ட் மரபில் இன்றும் நடக்கிறது. ஆனால் அவை பதில்கள். வேதம் பொருத்தனை என்று ஒரு தனிச் சொல்லையே வைத்திருக்கிறது. பொருத்தனை நாம் செய்வது. உடன்படிக்கை அவர் செய்தது. பொருத்தனையில் தவறினால் மனம் திரும்பிச் சரிசெய்யவேண்டியதுதான். அதனால் உடன்படிக்கை இற்றுப்போகாது.

நல்ல கிறிஸ்தவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத இடங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். புதிய உடன்படிக்கை வந்தபின் இஸ்ரவேலின் நிலை என்ன? சபையே இப்போது இஸ்ரவேல் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அது யூதர்மேல் வெறுப்பாக மாறிய வரலாறு நமக்கு வெட்கம். ஜான் டார்பியின் வழியில் வந்து 1909இல் ஸ்கோபீல்டின் வேதாகமக் குறிப்புகளால் பரவிய போதனை, இஸ்ரவேலையும் சபையையும் இரண்டு தனித் திட்டங்களாகப் பிரிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை தன் மறைக்கல்வி நூலில் பழைய உடன்படிக்கை ஒருபோதும் திரும்பப் பெறப்படவில்லை என்கிறது. எபிரெயர் 8 முந்தினது பழமையாயிற்று என்கிறது. ரோமர் 11 தேவனுடைய அழைப்பு மாறாதது என்கிறது. இரண்டையும் ஒரே கையில் பிடிப்பது கடினம். ரோமர் 11இன் பக்கமே நான் அதிகம் சாய்கிறேன். எரேமியா அந்த வாக்கைச் சொன்னது இஸ்ரவேல் குடும்பத்துக்கும் யூதா குடும்பத்துக்கும். புறஜாதியாராகிய நாம் ஒட்டப்பட்ட கிளைகள் என்பதை மறக்கிற எந்த விளக்கமும் எனக்கு உறுத்துகிறது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற பழைய வழக்கும் இந்த உடன்படிக்கைப் பேச்சிலிருந்துதான் கிளைக்கிறது. உங்களுக்கு அது இப்போது தேவையில்லை.

தேவையானது மற்றொன்று. நான் இந்த உடன்படிக்கையிலிருந்து விழுந்துபோக முடியுமா? கால்வின் வழியினர் மெய்யாகவே தெரிந்துகொள்ளப்பட்டவர் இறுதியில் விழமாட்டார் என்பார்கள். வெஸ்லி வழியினர் விழக்கூடும் என்பார்கள். உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணுகிறவனைப் பற்றி எபிரெயர் 10இல் வருகிற எச்சரிக்கையை வெறும் பயமுறுத்தல் என்று தள்ள எனக்குத் துணிவில்லை. ஆனால் அது யாரைப் பற்றியது? தெரிந்தே, துணிந்து, கிறிஸ்துவைக் காலின்கீழ் மிதித்துவிட்டுப் போகிறவரை. எனக்கே தெரியாமல் மீறிவிட்டேனோ என்று இரவில் தூங்காமல் இருக்கிறவரை அந்த வசனம் குறிவைக்கவில்லை. ஆயர் பணியில் இருந்த சில ஆண்டுகளில் நான் கண்டது இது: அந்த எச்சரிக்கை யாருக்கு உரியதோ அவர்கள் அதைக் கேட்பதே இல்லை, உரியதல்லாதவர்கள்தான் கேட்டு நடுங்குகிறார்கள். தெரியாமல் செய்த பாவத்தால் உடன்படிக்கை ரகசியமாக முறிந்துபோகும் என்ற பயத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை. தெரியாமல் செய்த பாவத்துக்கென்றே லேவியராகமம் 4இல் ஒரு முழு அதிகாரம் நிவாரணம் இருக்கிறது.

இனி அந்தத் திருவிருந்து. இயேசுவின் வாயிலிருந்து உடன்படிக்கை என்ற சொல் சுவிசேஷங்களில் வருவது அந்தக் கடைசி இரவில் மட்டும், கையில் பாத்திரத்தோடு. யாத்திராகமம் 24இல் மோசே இரத்தத்தை ஜனங்கள்மேல் தெளித்து, இது உடன்படிக்கையின் இரத்தம் என்றார்; பிறகு மூப்பர்கள் மலைமேல் ஏறி, தேவனைத் தரிசித்து, புசித்துக் குடித்தார்கள். அந்தச் சொல்லையும் அந்தப் பந்தியையும் இயேசு தம்மிடம் இழுத்துக்கொள்கிறார். லூக்கா எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். இது புதிய உடன்படிக்கை என்ற வாக்கியம் 22ஆம் அதிகாரம் 20ஆம் வசனம். 21ஆம் வசனம்: என்னைக் காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னோடு மேஜையில் இருக்கிறது. 24இல் யார் பெரியவன் என்று சீஷர்களுக்குள் வாக்குவாதம். 34இல், சேவல் கூவுமுன் மூன்று தடவை மறுதலிப்பாய் என்று பேதுருவுக்கு எச்சரிக்கை. இந்த ஆட்களிடம்தான், இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தே, அவர் பாத்திரத்தை நீட்டினார்.

அபாத்திரமாய்ப் பானம்பண்ணக்கூடாது என்று 1 கொரிந்தியர் 11 சொல்கிறதே என்று நீங்கள் தயங்கியிருக்கலாம். அங்கே பவுல் கண்டித்தது, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து, இல்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தியதை. கலங்கிய மனதோடு வருகிறவர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. தன்னைத்தானே சோதித்தறிந்து, அப்பத்தில் புசித்து, பாத்திரத்தில் "பானம்பண்ணக்கடவன்" என்றுதான் அந்த வசனம் முடிகிறது. புசியாமல் இருக்கக்கடவன் என்று முடியவில்லை. அடுத்த முறை மேஜை ஆயத்தமாகும்போது போங்கள். கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு போகலாம் என்று காத்திருக்கவேண்டாம். புறப்படுவதற்கு முன் 44ஆம் சங்கீதத்தை ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள். "விழித்துக்கொள்ளும்" என்ற இடத்தில் குரல் உயர்ந்தால் உயரட்டும்.